இரும்பு நுழையாத அறை

“வாங்கக்கா. கையை நீட்டுங்க. அப்படியே திரும்புங்க. கொண்டையைக் காட்டுங்க.”

எங்கள் இன்ஜினியர் ரம்யா மேடம் ஒரு நூலில் சின்னக் காந்தம் ஒன்றைக் கட்டி வைத்திருப்பார். அதைத் தொங்கவிட்டபடி என் தலையோரம் கொண்டுவருவார். நான் மறந்து செருகியிருந்த ஹேர்பின் இருக்கும் பக்கம் அந்த நூல் லேசாகச் சாயும். “இதோ ஒண்ணு மாட்டிச்சு” என்று சிரிப்பார்.

அறை வாசலில் ஒரு பலகை. அதில் ஆளுக்கொரு சோப்பு டப்பா, மேலே பேர் எழுதி ஒட்டியிருக்கும். சாவி, ஹேர்பின், சில்லறை, போன் எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். என் டப்பாவில் ‘அஞ்சலை’ என்று இருக்கும். தினமும் அதில் நான் கடைசியாகப் போடுவது தாலியில் மாட்டியிருக்கும் ஊக்குகளை.

எங்கள் பக்கத்துப் பெண்கள் தாலியில் ஊக்கு இல்லாமல் வாசல் தாண்டமாட்டோம். முந்தானை கிழிந்தாலும், செருப்பு வார் அறுந்தாலும், காலில் முள் ஏறினாலும் கை தானாகத் தாலிக்குப் போகும். ஊக்குகளைக் கழற்றியதும் கழுத்து லேசாகிவிடும். யாரோ பக்கத்திலிருந்து எழுந்து போனமாதிரி இருக்கும்.

“தாலிய உள்ள போட்டுக்கங்கக்கா. அது ஒண்ணும் பண்ணாது. தங்கத்துக்குக் காந்தம் ஒட்டாது” என்பார் மேடம். காந்தத்தை என் கழுத்துப் பக்கம் கொண்டுவரவே மாட்டார். தாலியைச் சோதிப்பது மரியாதை இல்லை என்று அந்தப் பெண் நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

டேப்பு வைத்து அளப்பதில்லை

திண்டிவனத்துக்கு வெளியே இருக்கும் அந்தக் காந்தத் தொழிற்சாலையில், செம்புக் கம்பிக் காயில் சுற்றும் கூடத்திலிருந்து என்னை அளவெடுக்கும் அறைக்கு மாற்றிய கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். விழுப்புரத்திலிருந்து தினமும் என்னோடு பஸ்ஸில் வரும் பூக்காரம்மாவுக்கு அது இன்னமும் விளங்கவில்லை.

“காந்தத்த அளக்கறியா? இன்னாத்த வெச்சி? டேப்பு வெச்சா?”

“அதோட இழுவைய அளக்கறோம்க்கா.”

“இழுவைய அளந்து இன்னா பண்ணுவாங்கோ?”

“தூரதேசத்துல பெரிய ஆராய்ச்சிக்கூடம் இருக்குது. அங்க கண்ணுக்கே தெரியாத துகள ஒரு குழாய்க்குள்ள ஓட விடுவாங்க. அது செவுத்துல இடிக்காம நடுவுல ஓடணும். அதுக்குக் காந்தம் ரெண்டு பக்கமும் சமமா இழுத்துப் புடிக்கணும்.”

“கண்ணுக்கே தெரியாததுக்கு இவ்ளோ பாடா?” என்றாள். பிறகு அவளே, “சாமியும் கண்ணுக்குத் தெரியாதுதான்” என்று மடியிலிருந்த மல்லாட்டைக் கடலையை உரிக்க ஆரம்பித்தாள்.

நான் பத்தாவதோடு நின்றவள். மேடம் எனக்குச் சொல்லிக் கொடுத்ததை நான் மேல்மலையனூர் அங்காளம்மன் தேரை வைத்துத்தான் மனசில் வாங்கிக்கொண்டேன். வடத்தை இரண்டு பக்கமும் ஒரே பலத்தில் இழுத்தால் தேர் நடுவீதியில் வரும். ஒரு பக்கம் கொஞ்சம் கூடினாலும் வீட்டுக் கூரையில் உரசும்.

அறைக்கு நடுவில் காந்தம் இருக்கும். பீரோ உயரத்துக்கு இரும்பு, அதைச் சுற்றிச் செம்புக் காயில், நடுவில் ஒரு துவாரம். நீளமான ஒரு கோல் அந்தத் துவாரத்துக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வரும். கோலின் நுனியில் அரிசி மணி அளவுக்கு ஒரு சில்லு. அதுதான் அளக்கும். கோல் கொஞ்சம் நகரும், நிற்கும், மறுபடி நகரும். நின்ற இடத்திலெல்லாம் ஓர் எண் கம்ப்யூட்டரில் விழும். எண்கள் சேர்ந்து ஒரு கோடாக வளரும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேடம். இந்தப் பக்கம் நான் மட்டும். கோல் வெளியே வரும் முனையில் நின்று, அதன் ஒயர் எங்கேயும் சிக்காமல் குனிந்து பிடித்துக்கொள்வது என் வேலை. காயிலைக் குளிரவைக்கத் தண்ணீர் ஓடும் சத்தம் தவிர வேறு சத்தம் கிடையாது.

எந்த இழுப்பும் வராத குடுவை

அளக்க ஆரம்பிக்கும் முன்னால் ஒரு சடங்கு உண்டு. நான் அதைச் சடங்கு என்றுதான் சொல்வேன். டம்ளர் அளவில் ஒரு குடுவை இருக்கிறது. ஏதோ தனி உலோகம். கோலின் நுனியை அதற்குள் விட்டுக் காத்திருக்க வேண்டும். மீட்டரில் எண்கள் கொஞ்ச நேரம் அலைபாயும். பிறகு அடங்கி, பூஜ்யத்தில் நிற்கும்.

“உள்ள எந்த இழுப்பும் போகாதுக்கா. பூமியோட காந்த இழுப்புகூட” என்று மேடம் முதல்நாள் சொன்னபோது எனக்கு என் வீடுதான் ஞாபகம் வந்தது.

விழுப்புரத்தில் ரயிலடிப் பக்கம் ஒற்றை அறை வீடு. எங்களுக்குக் குழந்தை இல்லை. அவர் பிழைப்புக்கென்று பெங்களூர்ப் பக்கம் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. முதலில் போன் வந்தது. பிறகு நான் பண்ணினால் எடுத்தார். பிறகு எடுக்கவில்லை. இப்போது அந்த நம்பருக்கு அடித்தால், இது உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் சொல்லுவாள். அமாவாசைக்கு அமாவாசை அடிப்பேன். வேலை விட்டு வீட்டுக்குள் நுழைந்த பிறகு என்னோடு பேசுகிற ஒரே குரல் அதுதான்.

அவர் பேரை நான் இந்தத் தொடரில் எழுதியதில்லை. வாயால் சொல்லிப் பழகாத பேரைக் கை எழுதமாட்டேன் என்கிறது.

விசேஷ வீடுகளில் மஞ்சள் குங்குமத் தட்டு வரிசையாக வரும். என் முன்னால் வரும்போது மட்டும் ஒரு நொடி நிற்கும். தட்டைப் பிடித்திருப்பவள் என் கழுத்தைப் பார்ப்பாள். தாலி இருக்கும். நீட்டுவாள்.

என் நாத்தனார் ஒருமுறை எல்லார் முன்னாலும் கேட்டாள். “இன்னா அண்ணி, இன்னும் எவ்ளோ நாளிக்கு இத மாட்டிக்கினு திரியப் போற? அவரு இருக்காரோ இல்லியோ.”

“உங்க அண்ணன் கட்னது. அவரே வந்து கழட்டச் சொல்லட்டும்” என்றேன்.

இந்தத் தாலி கழுத்தில் இருக்கிற வரைக்கும் அவர் எங்கேயோ இருக்கிறார், என் புருஷனாக இருக்கிறார். அதை நம்பித்தான் காலையில் எழுந்து குளித்து, நெற்றிக்கு வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அவர் இரண்டாம் தடவை கட்டியது

ஒரு நாளைப் பற்றி இத்தனை வாரமாக எழுதாமல் தள்ளிப்போட்டு வந்தேன். எழுதினால் கரைந்துவிடுமோ என்ற பயம். இப்போது பயப்பட ஒன்றும் இல்லை.

அவர் ஊரை விட்டுப் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், என் தாலிக் குண்டு ஒன்று நசுங்கிவிட்டது. தாலியும் குண்டும் என் அப்பா காணைக் கிராமத்தில் கரும்பு வெட்டிச் சேர்த்துப் போட்டது. “குடு, பத்தர்கிட்ட தட்டிக்கினு வர்றேன்” என்று அவராகவே கேட்டார். வீட்டு வேலையில் எதையும் அவராகக் கேட்டுச் செய்கிறவர் இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுவரைக்கும் ஒரு விரலி மஞ்சளை நூலில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

ரோஸ் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார். பளபளவென்று இருந்தது. பத்தர் மெருகு போட்டிருக்கிறார் என்றார். அந்த அமாவாசைக்கு இருவரும் மேல்மலையனூர் போனோம். கூட்டத்தில் இடிபட்டுத் தரிசனம் முடித்து வெளியே வந்ததும், எனக்கு ஒரு ஆசை வந்தது.

“இத நீங்களே கட்டுங்க.”

“நானா? பொம்பளைங்கதான இத மாத்திக்குவீங்க?”

“அம்மா சந்நிதி வாசல்ல நீங்க கட்னா தப்பா?”

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு கட்டினார். கை நடுங்கியது. முடிச்சு நிற்காமல் நழுவியது. எலுமிச்சம்பழம் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் சிரித்தாள். “இன்னாப்பா, புது மாப்ள மாரி இப்டி ஒதறுது! ஜல்தியா போடு, அம்மா பாத்துக்கினு கீறா!”

அவரும் சிரித்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கை நடுக்கத்தை நான் பக்தி என்று எடுத்துக்கொண்டேன். கல்யாணத்தன்று தலை குனிந்திருந்ததால் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இந்தத் தடவை பார்த்தேன். என் தனிமையில் நான் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்த நாள் அதுதான்.

கோட்டில் ஒரு மேடு

“அக்கா, கடைசியில ஒரு இடத்துல சின்னதா ஒரு மேடு வருது.”

மேடம் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மைக்கில் சொன்னார். இந்தக் காந்தத்துக்குக் கோலை வழக்கத்தைவிட நீளமாக வெளியே விடவேண்டும். கோடு நன்றாக இறங்கி வந்து, கோல் வெளியே தலை நீட்டும் இடத்தில் மட்டும் ஒரு சின்ன வீக்கம். மறுபடி ஓட்டினோம். மறுபடியும் அதே இடத்தில் அதே வீக்கம்.

அந்தக் காந்தம் லாரி ஏறக் காத்திருந்தது. இரும்புத் தகடுகளை அடுக்கியதில் கோளாறு இருந்தால் முழுவதையும் பிரிக்கவேண்டும். காயில் சுற்றிய பெண்கள் அத்தனை பேர் உழைப்பும் வீண். மேடத்தின் முகம் வாடிவிட்டது.

நான் மதியம் சாப்பிடப் போயிருந்தபோது, கிரேன் ஓட்டும் ஏழுமலை அண்ணனை என் இடத்தில் நிறுத்தி ஒருமுறை ஓட்டியிருக்கிறார்கள். மேடு இல்லை. நான் வந்து நின்றேன். மேடு வந்தது.

“அஞ்சல, உன்னப் பாத்தா காந்தத்துக்கே வெக்கம் வருது போலக்கீது. ஒரே பேஜாருமா உன்னோட” என்றார் அண்ணன். எல்லாரும் சிரித்தோம். அண்ணனுக்கு அறுபது நெருங்குகிறது, வாய் மட்டும் இளசு.

“அண்ணா, நீங்க போய் டீ வாங்கிட்டு வாங்க” என்று மேடம் அவரை அனுப்பினார். “அக்காகிட்ட ஏதோ இருக்கு. நான் பாத்துக்கறேன்.”

கதவைச் சாத்திவிட்டு மறுபடி காந்தத்தைத் தொங்கவிட்டார். கொண்டையில் ஒன்றும் இல்லை. ஜாக்கெட் கொக்கிகளை எடுத்துவிட்டுத் துணிப் பித்தான் வைத்துத் தைத்துக்கொண்டதைக் காட்டினேன். மெட்டி வெள்ளி. வளையல் கண்ணாடி. காந்தம் இடுப்பிலிருந்து மேலே வந்தது. நெஞ்சுக்கு நேராக வந்ததும் நூல் சாய்ந்தது.

“ஊக்கு எதாவது உள்ள விழுந்துடுச்சோ என்னவோ மேடம்” என்று சொல்லித் தாலியை வெளியே எடுத்தேன்.

டிக் என்று ஒரு சத்தம். காந்தம் என் தாலிக் குண்டில் ஒட்டிக்கொண்டது.

மேடம் பிய்த்து எடுத்தார். விட்டார். மறுபடி ஒட்டியது. அடுத்த குண்டு. ஒட்டியது. தாலியின் மேல் வைத்தார். அதுவும் ஒட்டியது.

எனக்கு முன்னால் அவருக்குப் புரிந்துவிட்டது. காந்தத்தைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

“தங்கம்தான் மேடம். எங்க அப்பா போட்டது.”

“ஆமாக்கா. சில சமயம் பித்தளை ஏதாவது கலந்திருப்பாங்க.”

“பித்தள ஒட்டுமா மேடம்?”

ஒட்டாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு ஒரு மகள் இருந்தால் அவள் வயசு இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. ஏதோ தானே தப்புச் செய்தமாதிரி, “நான் காந்தத்தைக் கிட்ட கொண்டுவந்திருக்கக் கூடாது” என்றாள்.

வெளியே அண்ணனின் குரல் கேட்டது. நான் தாலியை உள்ளே போட்டுக்கொண்டேன்.

“இன்னா ஆச்சி? கண்டுபுடிச்சிட்டீங்களா?”

“ஒண்ணுமில்லண்ணா. ஒரு ஹேர்பின் இருந்துச்சு. நாளைக்கு ஓட்டிடலாம்” என்றார் மேடம். டீ ஆறும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை. அந்தப் பொய்க்காக அம்மன் அவளை நல்லபடியாக வைத்திருக்க வேண்டும்.

பஸ்ஸில் தெரிந்தது

அன்றைக்குப் பூக்காரம்மா வரவில்லை. ஜன்னல் சீட் கிடைத்தது. பஸ் ஊர் தாண்டும்போதுதான் எனக்கு அந்தக் கை ஞாபகம் வந்தது. முடிச்சுப் போட முடியாமல் நடுங்கிய கை.

அது பக்தி இல்லை.

கறிக்குழம்பு எடுத்துக்கொண்டு தெருவில் போனால் எங்கள் பக்கத்தில் ஒரு ஆணியையோ கரித்துண்டையோ கூட வைத்து அனுப்புவார்கள். இரும்பு இருந்தால் காத்து கருப்பு அண்டாது. பிள்ளை பெற்றவள் தலைமாட்டிலும் இரும்பு வைப்பார்கள். இத்தனை வருஷம் கழுத்திலேயே இரும்பைப் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன். பேய் மட்டுமா, ஒருத்தரும் அண்டவில்லை. சிரிப்பு வந்தது. பக்கத்து சீட்டுப் பெண் ஒருமாதிரியாகப் பார்த்து, பையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

தங்கம் போனது எனக்குப் பெரிதில்லை. கஷ்டம் என்று கேட்டிருந்தால் நானே கழற்றிக் கொடுத்திருப்பேன். மஞ்சளோடு இருந்திருப்பேன். என்னை அரித்தது வேறு. கட்டும்போதே அவருக்குத் தெரியும், இது தாலி இல்லை என்று. அவரைப் பொறுத்தவரை நான் அன்றைக்கே தாலி இல்லாதவள். எனக்கு மட்டும்தான் தெரியாது.

வீட்டுக்குப் போய் விளக்கேற்றினேன். அங்காளம்மன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். சண்டை போட்டேன். “உன் வாசல்லதான கட்னாரு? உனக்குத் தெரியாதா? ஒரு சொப்பனத்துல வந்து சொல்லியிருக்கக் கூடாதா?”

அதை அவள் கோயில் உண்டியலில் போட்டுவிடலாமா என்று தோன்றியது. உடனே வேண்டாம் என்றும் தோன்றியது. தங்கம் என்று நினைத்து வாங்கிக்கொண்டு அவளும் ஏமாறவேண்டுமா?

போனை எடுத்தேன். அன்றைக்கு அமாவாசை இல்லை. வைத்துவிட்டேன்.

காலையில் தலைக்குக் குளித்துவிட்டு, அந்தத் தாலியைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்தேன். வெறும் கழுத்தோடு பஸ் ஏற மனசு வரவில்லை. சமையல் டப்பாவிலிருந்து ஒரு விரலி மஞ்சளை எடுத்தேன். நூலில் மஞ்சள் தடவி, அம்மன் பேரைச் சொல்லி, நானே முடிச்சுப் போட்டுக்கொண்டேன். அவருக்காகவா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் கை நடுங்கவில்லை.

நேர்க்கோடு

வாசலில் மேடம் காந்தத்தோடு நின்றார். கொண்டை, கை, இடுப்பு. கழுத்துப் பக்கம் வந்ததும் தயங்கினார்.

“பாருங்க மேடம், பரவாயில்ல” என்று நூலை வெளியே எடுத்தேன்.

காந்தம் மஞ்சளுக்குப் பக்கத்தில் வந்தது. உரசியது. எந்தப் பக்கமும் சாயாமல் நேராகத் தொங்கியது. ஈர மஞ்சளின் வாசனை மட்டும் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. மேடம் என் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

இரும்பு எதுவோ அது டப்பாவுக்குள் போகவேண்டும். அந்த அறையின் சட்டம் அதுதான். சாவி, ஹேர்பின், ஊக்கு எல்லாம் போட்டேன். கைக்குட்டையை அவிழ்த்து அதையும் போட்டேன்.

குடுவைக்குள் கோலின் நுனியை விட்டேன். எண்கள் அலைந்தன. அடங்கின. பூஜ்யம். அந்த அறையில் அவ்வளவு தனியாக நான் அதற்கு முன்னால் இருந்ததில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கோல் உள்ளே போனது, நின்றது, நகர்ந்தது. குனிந்து ஒயரைப் பிடித்துக்கொண்டேன். கோலின் தலை என் நெஞ்சுக்குப் பக்கத்தில் வெளியே வந்தது.

“அக்கா” என்றது மைக். “நேரா வருதுக்கா. மேடு இல்ல.”

காந்தத்தில் குற்றம் ஒன்றும் இல்லை. அதைப் பிரிக்க வேண்டியதில்லை. கூடத்துப் பெண்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

சாயங்காலம் கிளம்பும்போது டப்பாவிலிருந்து சாவியை எடுத்தேன். ஹேர்பின்னைச் செருகிக்கொண்டேன். ஊக்குகளை மஞ்சள் நூலில் மாட்டிக்கொண்டேன். மூடியைப் போட்டுப் பலகையில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த ஏழுமலை அண்ணன் பின்னாலிருந்து கூப்பிட்டார். “ஏ அஞ்சல! உன் டப்பால இன்னாமோ உட்டுட்டுப் போற. குலுக்கினா கலகலன்னுது.”

“அது என்னுது இல்லண்ணா.”

“உன் பேருதான எழுதிக்கீது?”

“பேரு என்னுதுதாண்ணா. உள்ள இருக்கறது என்னுது இல்ல” என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் வேகமாக நடந்தேன்.